தடித்துச் சாய்ந்த தமிழ் எழுத்து: ஒரு சின்ன வரலாறு

போன பதிவில் சோளிங்கர் மலைப்படிகளைப் பற்றி எழுதி மூச்சு வாங்கியதால், இந்த முறை உட்கார்ந்த இடத்திலேயே எழுதக்கூடிய ஒரு விஷயம். எழுத்தைப் பற்றியே எழுதப் போகிறேன். அதாவது நாம் கம்ப்யூட்டரில் ஒரு தலைப்பை அடித்துவிட்டு, கை பழக்கத்தில் முதலில் தடிப்புப் பொத்தானையும் அடுத்து சாய்வுப் பொத்தானையும் தட்டுகிறோமே, அந்தத் தடித்த சாய்வெழுத்து. அது எங்கிருந்து வந்தது, தமிழுக்கு எப்படி வந்து சேர்ந்தது, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதுதான் விஷயம்.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்காக, இது ஏன் என் தலைக்குள் புகுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறை விழாவுக்கு ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு ஆனது. பேனர் டிசைன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. பத்தடிக்கு நாலடி ஃபிளெக்ஸ். "பட்டிமன்றம்" என்று இரண்டடி உயரத்தில் தலைப்பு. தடிப்பு ஒரு தட்டு, சாய்வு ஒரு தட்டு, பின்னால் மஞ்சள் நிழல். திரையில் பார்க்கும்போது பிரமாதமாக இருந்தது. பிரிண்ட் போட்டு வாங்கி வந்து, ராத்திரி வீட்டு வாசலில் விரித்துப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். "பட்டி... ம..." அங்கேயே நின்றுவிட்டார். "இன்னாடா இது, எழுத்தெல்லாம் குடிச்சிட்டு நிக்கிற மாதிரி கீது?"

சிரித்துவிட்டேன். ஆனால் விடியும்வரை அந்தக் கேள்வி போகவில்லை. காரணம், என் பாட்டி தமிழ் படிக்கக் கற்றுக்கொண்ட விதம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலை, எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெயின்டர் அண்ணனிடம் பேனரைக் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் போர்டு எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு கதவு, ஜன்னலுக்கு வண்ணம் அடிக்கிறார். தேர்தல் வந்தால் மட்டும் சுவர் எழுதப் போவார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, இது சாய்ஞ்ச எழுத்து இல்ல. சாய்ச்ச எழுத்து."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்நூறு வருட அச்சு வரலாறு இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

சாய்வும் தடிப்பும்: இரண்டு வெவ்வேறு பிறவிகள்

நாம் இரண்டு பொத்தான்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதால் அண்ணன் தம்பி என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் நடுவில் முந்நூறு வருடத்துக்கு மேல் வித்தியாசம்.

சாய்வெழுத்து இத்தாலியில் பிறந்தது. அதனால்தான் இட்டாலிக் என்று பெயர். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் 1501ல் வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் புத்தகமாக வெளியிட்டார். புத்தகம் முழுவதும் சாய்வெழுத்து. அந்த எழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்றைய அறிஞர்கள் வேகமாக எழுதும்போது வரும் கையெழுத்தை அப்படியே உலோகத்தில் பிடித்தார். கவனியுங்கள்: நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்தது அல்ல அது. சாய்ந்தே எழுதிய கையெழுத்தின் வடிவம். அந்தப் புத்தகத்தில் பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன, சின்ன எழுத்துகள் மட்டும் சாய்ந்திருந்தன. ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்ல அதை மட்டும் சாய்ப்பது என்ற பழக்கம் பிற்பாடு வந்தது.

தடித்த எழுத்து தொழிற்புரட்சியின் குழந்தை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவரொட்டி விளம்பரம் பெருகியது. தெருவில் போகிறவனை நிறுத்த வேண்டும் என்றால் புத்தக எழுத்து போதாது. அப்போதுதான் கொழுத்த எழுத்துகள் வந்தன. அதற்கு ஜோடியாகக் கொழுத்த சாய்வெழுத்தும் வந்தது. நம் தலைப்பில் இருக்கும் தடித்த சாய்வெழுத்தின் முப்பாட்டன் இந்தச் சுவரொட்டிதான். பிறகு 1845ல் ராபர்ட் பெஸ்லியின் எழுத்து வார்ப்பகம் கிளாரண்டன் என்ற தடித்த எழுத்தைப் பதிவு செய்தது. ஒரே பத்திக்குள் சாதா எழுத்துக்கு நடுவே தடித்த எழுத்தை வைத்து அகராதிச் சொற்களை எடுத்துக்காட்டும் வழக்கத்துக்கு அது பேர்போனது.

ஆக, சாய்வு என்பது பேனாவின் வேகம். தடிப்பு என்பது தெருவின் சத்தம். இரண்டும் சேர்ந்தால், ஓடிக்கொண்டே கத்துகிற ஒரு ஆள். இந்த உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

தமிழ் அச்சில் யாரும் சாயவில்லை

இப்போது நம் கதை. இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சு வடிவம் பெற்றது தமிழ். அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸின் "தம்பிரான் வணக்கம்" 1578ல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். அதன்பின் பெரிய பாய்ச்சல் தரங்கம்பாடியில். சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்து மிகவும் பெரிது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்க்க வேண்டி வந்தது. அதற்கு ஈயம் இல்லாமல், பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வந்துவிட்டது.

1761ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் ஃபெப்ரீஷியஸ் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் சின்ன, அழகான தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 1862ல் வந்த வின்சுலோ அகராதி அந்த அச்சகத்தின் வேலை.

இந்த மூன்று நூற்றாண்டுக் கதையில் எழுத்து சிறிதாகிறது, தெளிவாகிறது, அழகாகிறது. ஆனால் சாயவில்லை. பிற்காலத்தில் நம் ஊர்ச் சின்ன அச்சகங்களில் கம்போசிட்டர் முன்னால் இருந்த கேஸைப் பார்த்தாலும் இதே நிலைதான். 10 பாயிண்ட், 12 பாயிண்ட், தலைப்புக்கு 24, 36 என்று அளவு உண்டு. கறுப்பாகத் தடித்த எழுத்து உண்டு. கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வேலை உண்டு. சாய்வுத் தமிழ் மட்டும் பொதுவாக இருக்காது.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

ஒன்று, நம் எழுத்து வளர்ந்தது பனையோலையில். எழுத்தாணியால் கீறுவதில் இறகுப் பேனாவின் மெல்லிசு, கனம் கிடையாது. எல்லாக் கோடும் ஒரே கனம். ஓலை கிழியும் என்பதால் புள்ளிகூட வைக்காமல் எழுதினார்கள் என்பது தெரிந்த கதை. இத்தாலிய அறிஞரின் வேகக் கையெழுத்துக்குச் சமமாக, அச்சுக்காரர் பார்த்து நகலெடுக்க நம்மிடம் ஒரு சாய்வு மரபு இருக்கவில்லை.

இரண்டு, உலோகம். ஈய எழுத்து ஒவ்வொன்றும் நேரான செவ்வகக் கட்டை. சாய்ந்த எழுத்தை அதன்மேல் வைத்தால் ஒரு முனை கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அச்சு இயந்திரம் அழுத்தும்போது முதலில் உடைவது அந்த முனைதான். ரோமன் எழுத்திலேயே இது தலைவலி. தமிழிலோ மேலே விசிறி, புள்ளி, கீழே கு, மூ போன்றவற்றின் வால். ஏற்கெனவே உயிர்மெய்களுக்காக நூற்றுக்கணக்கில் தனித்தனி வார்ப்பு வேண்டும். அதற்கு மேல் சாய்வுக்கு இன்னொரு முழு கேஸ் என்றால் எந்தச் சின்ன அச்சகக்காரர் வாங்குவார்?

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்த வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும், எழுத்தில் அதைக் காட்டச் சாய்க்க வேண்டும். தமிழில் அதற்கு மொழிக்குள்ளேயே கருவி இருக்கிறது. "அவன் வந்தான்" என்பதை "அவனே வந்தான்" என்று ஆக்கினால் போதும். "அவன்தான் வந்தான்" என்றால் இன்னும் போதும். தேற்ற ஏகாரம், பிரிநிலை ஏகாரம் என்று ஸ்கூலில் மனப்பாடம் செய்தோமே, அதன் வேலை இதுதான். அழுத்தத்தை எழுத்தின் உருவத்தில் காட்டாமல் சொல்லின் வாலில் கட்டிவிடுகிற மொழிக்குச் சாய்வெழுத்து அவசரத் தேவையாக இருந்திருக்காது. தமிழ்ப் புத்தகங்கள் மேற்கோள் குறியையும் தடித்த எழுத்தையும் வைத்தே சமாளித்தன.

அப்படியானால் சாய்வு எங்கிருந்து வந்தது?

தூரிகையிலிருந்து. அச்சுக் கோப்பவரால் முடியாததை ஓவியரால் முடிந்தது.

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையின் தலைப்பை ஓவியரே கையால் எழுதுவார். கல்கியில் 1950ல் "பொன்னியின் செல்வன்" தொடங்கியபோது படம் வரைந்த மணியம் காலத்திலிருந்தே, கதைத் தலைப்பின் எழுத்தும் ஓவியத்தின் ஒரு பகுதி என்ற பார்வை உறுதியாகிவிட்டது. எழுதியதைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மரக்கட்டைமேல் அறைந்தால் அது "பிளாக்". ஈய எழுத்துகளுக்கு நடுவே அதை வைத்து ஃபாரத்தை இறுக்கிவிடலாம். முழுத் தலைப்பும் ஒரே கட்டை என்பதால் எந்த முனையும் நீட்டி உடையாது. உலோகத்தின் சிக்கலை ஒரே அடியில் தாண்டிய வழி இது. சினிமா விளம்பரம், சோப்பு விளம்பரம், மர்மக் கதைத் தலைப்பு எல்லாம் இந்த வழியில்தான் தடித்துச் சாய்ந்தன.

சுவரும் அப்படித்தான். சுவருக்குச் செவ்வகக் கட்டை கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் சாயலாம்.

பெயின்டர் அண்ணன் எனக்கு வேலையை விளக்கினார். முதலில் இரண்டு ஆள் நூலைப் பிடித்து, சுண்ணாம்புப் பொடி தடவி, சுண்டிவிட்டு மேல்கோடும் கீழ்கோடும் போடுவார்கள். பிறகு சாய்வுக்கு ஒரு குச்சியைச் சாய்த்து வைத்து, அங்கங்கே லேசாகக் கோடு கிழிப்பார்கள். ப, ட, ம, ய மாதிரி நேர்க்கோடு உள்ள எழுத்துகள் அந்தக் கோட்டோடு முழுசாகச் சாயும். ஒ, வ, ண மாதிரி வட்டம் உள்ளவை கொஞ்சம்தான் சாயும். முழுசாகச் சாய்த்தால் வட்டம் அழுகின முட்டை மாதிரி ஆகிவிடும். ண, ன எழுதும்போது சுழிக்குள் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதற்காக உள்பக்கம் மட்டும் கோட்டை மெலிய வைப்பார். புள்ளியைச் சாய்வுக் கோட்டோடு போகவிடாமல், கண்ணால் பார்த்து எழுத்தின் தலைக்கு மேல் பிடித்து வைப்பார். "புள்ளி அடுத்த வீட்டுக்குப் போச்சுன்னா எழுத்து செத்துச்சு தம்பி" என்றார்.

இதைத்தான் அவர் "சாய்ஞ்ச எழுத்து" என்கிறார். கிரிஃபோ 1501ல் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சாய்ந்து நிற்பதற்கென்றே ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக யோசித்து வரைவது.

எல்லையும் எழுத்தும்

இங்கே கொஞ்சம் ஊர்க்கதை. அரக்கோணம் ரயில் ஊர். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. வடக்கே 13 கிலோமீட்டரில் திருத்தணி. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை.

1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. அரக்கோணத்தை ஒட்டிய புளியமங்கலத்தைச் சேர்ந்த மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்து, வடக்கெல்லைப் போராட்டத்துக்கு முன்னோடியாக நின்றவர். அந்தப் போராட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டு போனவர் ம.பொ.சி. பட்டாஸ்கர் பரிந்துரையின்படி எல்லைகள் மாற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தது.

இதில் நான் சமீபத்தில் தெரிந்துகொண்டு ஆச்சரியப்பட்ட விஷயம்: ம.பொ.சி. இளவயதில் அச்சுக் கோப்பவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோனவர். வரதராஜுலு நாயுடுவின் "தமிழ்நாடு" பத்திரிகை அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கி வேலை செய்தவர். நின்றுபோன படிப்பை அவர் மேலே கொண்டு போனதில் அந்த வேலைக்கும் பங்கு இருந்திருக்கும். எங்கள் பக்கத்து மலைக்கோயில் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று போராடிய மனிதர், ஒரு காலத்தில் அந்த மாநிலத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எடுத்தவர். இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பாட்டி கதை. பாட்டி பிறந்தது திருத்தணிப் பக்கம். சின்ன வயதில் போன பள்ளியில் சொல்லிக்கொடுத்தது தெலுங்கு. வீட்டில் பேசியது தமிழ். 1960ல் ஊர் இந்தப் பக்கம் வந்தபோது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது, பள்ளியை விட்டு நிறுத்தியாகிவிட்டது. தமிழ் எழுத்தை அவர் கற்றுக்கொண்டது பள்ளியில் அல்ல. பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, டீக்கடையில் தொங்கும் பேப்பர் தலைப்பு. சி.பா.ஆதித்தனார் 1942ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களையும் மனதில் வைத்து வளர்ந்த பத்திரிகை. அதன் பெரிய தலைப்புகள்தான் பாட்டிக்கு அரிச்சுவடி.

அந்தப் போர்டுகளில் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாம் தடித்த எழுத்து, ஆனால் நிமிர்ந்த எழுத்து. ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு, நேர் நேராக. ஓடுகிற ரயிலிலிருந்து, கண்ணாடி இல்லாத கண்ணால், அரைகுறையாகத் தமிழ் தெரிந்தவரும் படிக்க வேண்டிய பலகை அது. அங்கே எழுத்து ஓடக்கூடாது, நிற்க வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்தின் அளவை விதி சொல்லிவிடலாம். அதைப் படிக்க முடிகிறதா என்பதை விதி சொல்ல முடியாது. அது எழுதுகிறவர் கையில்தான் இருக்கிறது.

தெலுங்கோடு பழகிய பாட்டியின் கண்ணுக்கு, தமிழ் எழுத்தின் நேர்க்கோடுகள்தான் பிடிமானம். தெலுங்கு எழுத்து பெரும்பாலும் வட்டம், தமிழில் ப, ட, ம என்று செங்குத்துக் கோடுகள் வரும். என் பேனர் பிடுங்கியது அந்தப் பிடிமானத்தைத்தான்.

பொத்தான் என்ன செய்கிறது?

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் போட்டது. பெரியார் 1935ல் குடிஅரசில் தொடங்கியதன் ஒரு பகுதி அது. ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகள் மற்றவற்றைப் போலத் துணைக்காலும் சங்கிலிக் கொம்பும் பெற்றன. தட்டச்சுக்கும் அச்சுக்கும் வேலை எளிதானது. பின்னால் கம்ப்யூட்டருக்கும் எளிதானது. 1980களில் முத்து நெடுமாறன் முரசு செய்தார், 1990களில் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார், 1999ல் சென்னை மாநாட்டில் தமிழ்நெட்99 விசைப்பலகை முடிவானது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது.

இவ்வளவு நடந்தும், நமக்குப் பழக்கமான தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த சாய்வு கிடையாது. லதாவுக்கு இல்லை. அதற்குப் பிறகு விண்டோஸில் வந்த நிர்மலாவுக்கும் இல்லை. அப்படியானால் சாய்வுப் பொத்தானைத் தட்டினால் சாய்கிறதே, எப்படி?

மென்பொருள் நேர் எழுத்தை எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். இணையப் பக்கங்களுக்கான தரத்தில் இந்தச் சாய்வின் இயல்பான கோணம் 14 பாகை. கணக்குப் போட்டால், நாலு அங்குல உயர எழுத்தின் தலை ஒரு அங்குலம் வலப்பக்கம் போகும். என் பேனரில் இரண்டடி எழுத்து, அந்தக் கணக்கில் தலை அரையடி நகர்ந்துவிட்டது. எழுத்துக்கு மேலே நிற்கும் புள்ளியோ அதைவிட அதிகம் நகரும். பட்டிமன்றத்தில் ன் மேல் இருக்க வேண்டிய புள்ளி றகரத்தின் வாசலில் போய் நின்றது.

தடிப்பும் அப்படித்தான். தனியாக வரைந்த தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் அந்தப் பொத்தானைத் தட்டினால், எல்லாக் கோட்டையும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஊத வைக்கும். வெளியே ஊதினால் பரவாயில்லை, சுழிக்குள்ளும் ஊதும். ன சுழி அடைத்துக் கறுப்பு உருண்டையானது. அடைத்த சுழி, ஓடிப்போன புள்ளி. பாட்டி "ம"வோடு நின்றுபோனதன் காரணம் இந்த இரண்டும்தான். குறை அவர் கண்ணில் இல்லை.

அண்ணன் தூரிகையில் செய்யும் நாலு வேலைகளில் ஒன்றைக்கூடப் பொத்தான் செய்யவில்லை. சாய்த்தது, அவ்வளவுதான்.

இதைத் தொழில் தெரிந்தவர்கள் உணராமல் இல்லை. கூகுளின் இலவச எழுத்துருக்களில் கவிவனார் என்று ஒன்று இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. சாய்ந்த கையெழுத்தாகவே யோசித்து வரைந்த தமிழ். புள்ளி எங்கே, விசிறி எங்கே என்று பார்த்துப் பார்த்து வைத்திருப்பது தெரியும். மும்பையின் எக் டைப் குழு செய்த பலூ தம்பி தலைப்புக்கென்றே வரைந்த கொழுத்த எழுத்து. நிமிர்ந்தது, சுழிகள் அடைக்காதது. இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைந்த சாய்வு என்றால் என்ன, வரைந்த தடிப்பு என்றால் என்ன என்பது அரை நிமிஷத்தில் புரிந்துவிடும். இரண்டு குணமும் ஒன்றாகச் சேர்ந்து, தடித்துச் சாய்ந்ததாகவே வரைந்த தமிழ் எழுத்துரு அபூர்வம். அந்த இடத்தைத் தமிழ்நாட்டுச் சுவர் ஓவியர்கள் பல வருடம் கையாலேயே நிரப்பி வைத்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது போனது ஒரு வேலை மட்டும் இல்லை. புள்ளியை எங்கே நிறுத்துவது என்ற அறிவும் அவர்களோடு ஏணியிலிருந்து இறங்கிவிட்டது.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

ஓடிக்கொண்டே கத்துகிற ஆள் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த ஆளை எங்கே கூப்பிடலாம் என்று யோசித்தால் போதும்.

கபடிப் போட்டி நோட்டீஸ், லாரி முகப்பு, ஆடித் தள்ளுபடி, துப்பறியும் நாவலின் அட்டை, சண்டைப் படத்தின் பெயர் இதற்கெல்லாம் கூப்பிடலாம். ஒன்று அல்லது இரண்டு வார்த்தை. படிப்பவருக்கு அந்த வார்த்தை முன்பே தெரிந்திருக்க வேண்டும். "தள்ளுபடி" என்பதை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, உருவத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். அங்கே சாய்வு வேகத்தைக் கொடுக்கும்.

ஊர்ப் பெயர், ஆள் பெயர், பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி வழிகாட்டி, கல்வெட்டு, கண்ணீர் அஞ்சலி இதற்கெல்லாம் கூப்பிடக்கூடாது. இவை புதிதாகப் படிக்கப்படுபவை. ஒவ்வொரு எழுத்தும் முக்கியம். சாவு வீட்டில் யாரும் ஓடிக்கொண்டே கத்துவதில்லை. (கண்ணீர் அஞ்சலி பேனரில் தடித்த சாய்வெழுத்தை இனிமேல் பார்த்தால் இந்தப் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள்.)

முழுப் பத்தியையும் தடித்துச் சாய்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் வகுப்பில் புராஜெக்ட் ரிப்போர்ட்டை அப்படிக் கொடுத்த நண்பர் யார் என்று எல்லோருக்கும் தெரியும் :-)

கடைசியாக

பேனரை மாற்றினேன். என் கைக்காசு போனது, அதனால் பாடம் நன்றாக மனதில் பதிந்தது. "பட்டிமன்றம்" என்பதை நிமிர்ந்த தடித்த எழுத்தில் வைத்தேன். ஓரத்தில் "வாங்க" என்ற ஒரு சொல்லை மட்டும் பெயின்டர் அண்ணனை எழுதித் தரச் சொல்லி, ஸ்கேன் செய்து சேர்த்தேன். சார்ட் பேப்பரில் நாலே வீச்சு. தடித்து, சாய்ந்து, ங்க இரண்டும் கைகோத்துக்கொண்டு நின்றன. காசு வாங்கமாட்டேன் என்றார், டீ மட்டும் குடித்தார்.

ராத்திரி மறுபடியும் வாசலில் விரித்தேன். பாட்டி "பட்டிமன்றம்" என்று நிறுத்தாமல் படித்தார். அடுத்து "வாங்க" என்பதையும் படித்துவிட்டு, "யார வரச் சொல்ற, என்னையா?" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

உங்கள் ஊரில் கையால் எழுதிய பழைய சுவரோ கடைப் பலகையோ இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஓரத்தில் சின்னதாக "ஆர்ட்ஸ்" என்று ஒரு பெயர் இருக்கும், அதையும் விடாமல் எடுங்கள். அடுத்த தேர்தலுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள்.